ஜேடர்பாளையத்தில் இருந்து பரமத்திவேலூருக்கு போன் போட இனி 11 எண்ணா? லேண்ட்லைன் டயலிங் மாற்றம்: எது உண்மை, எது வதந்தி?

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில் ஒரு வீட்டில் லேண்ட்லைன் போன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பரமத்திவேலூரில் உள்ள ஒரு கடைக்குப் பேச வேண்டும். ரிசீவரை எடுத்து 6 எண்களை அழுத்தினால் போதும், மணி அடிக்கும். பல வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

இந்த 6 எண் பழக்கம்தான் இப்போது பேச்சுக்கு வந்திருக்கிறது. பக்கத்துத் தெருவுக்குப் பேசினாலும் முன்னால் 0, பிறகு எஸ்.டி.டி கோடு, அதன் பிறகு வீட்டு எண் என்று மொத்தம் 11 எண்களை டயல் செய்யும் முறைக்கு மாற வேண்டும் என்று டிராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2025 பிப்ரவரி 6 அன்று மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்தது.

இதையொட்டி, "எல்லாருடைய நம்பரும் மாறப்போகுது", "செல்போன் நம்பர் 11 இலக்கம் ஆகப்போகுது", "பழைய எண்ணை உடனே புதுப்பிக்கலைன்னா கட் ஆயிடும்" என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றுகின்றன. இதில் எது சரி, எது தப்பு? நம்ம பகுதிக்கு என்ன பாதிப்பு? எளிமையாகப் பார்க்கலாம்.

ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ள

• உங்கள் லேண்ட்லைன் எண் மாறாது. செல்போன் எண்ணும் மாறாது.
• செல்போனில் இருந்து பேசும் முறையில் எந்த மாற்றமும் இல்லை.
• லேண்ட்லைனில் இருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும். இது 2021 ஜனவரி 15 முதலே நடைமுறையில் உள்ளது.
• லேண்ட்லைனில் இருந்து உள்ளூர் லேண்ட்லைனுக்கும் 0 + எஸ்.டி.டி கோடு சேர்த்து டயல் செய்ய வேண்டும் என்பதுதான் 2025 பரிந்துரை.
• 108, 112 போன்ற அவசர எண்களுக்கு முன்னால் எதுவும் சேர்க்க வேண்டாம்.

எஸ்.டி.டி கோடு என்பது என்ன?

ஒரு ஊரின் தொலைபேசி முகவரி என்று இதைச் சொல்லலாம். நாடு முழுவதையும் 2,600-க்கும் மேற்பட்ட சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோடு கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு தாலுகா அளவுக்கு ஒரு பகுதி வரும். அந்தப் பகுதிக்குள் பேசினால் கோடு தேவையில்லை. எல்லையைத் தாண்டினால் கோடு வேண்டும்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் உள்ள முக்கியமான கோடுகள் இவை:

• சேலம்: 0427
• நாமக்கல்: 04286
• ராசிபுரம்: 04287
• திருச்செங்கோடு: 04288
• பரமத்திவேலூர் (ஜேடர்பாளையம், கபிலர்மலை பகுதி): 04268
• சங்ககிரி: 04283
• ஆத்தூர்: 04282
• ஓமலூர்: 04290
• மேட்டூர்: 04298

ஜேடர்பாளையம் காவிரிக் கரையில் இருக்கும் ஊர். படுகை அணைப் பக்கம் நின்று பார்த்தால் அக்கரை ஈரோடு மாவட்டம். அங்கே கொடுமுடிப் பகுதிக்குக் கோடு 04204. இன்னும் கொஞ்சம் கிழக்கே வந்து பரமத்திவேலூர் பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம், கோடு 04324. ஆக ஒரே ஆற்றின் இரண்டு கரைக்குள் மூன்று கோடு. கண்ணுக்கு எதிரே தெரியும் ஊர்தான், ஆனால் போன் கணக்கில் அது வெளியூர்.

இந்தக் கணக்கில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முன்னால் வரும் 0-ஐ எடுத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். பரமத்திவேலூரில் கோடு 4 இலக்கம், வீட்டு எண் 6 இலக்கம். சேலத்தில் கோடு 3 இலக்கம், வீட்டு எண் 7 இலக்கம். சென்னையில் கோடு 2 இலக்கம், வீட்டு எண் 8 இலக்கம். எங்கே கூட்டினாலும் 10. அதாவது செல்போனைப் போலவே லேண்ட்லைனுக்கும் முழு எண் 10 இலக்கம்தான். உள்ளூருக்குள் பேசும்போது பாதியை விட்டுவிட்டு டயல் செய்கிறோம், அவ்வளவுதான்.

04286-ஆ, 04268-ஆ? அடிக்கடி நடக்கும் குழப்பம்

மேலே உள்ள பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். நாமக்கல் 04286. பரமத்திவேலூர் 04268. கடைசி இரண்டு எண்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். அவசரத்தில் எழுதினாலோ, வாயால் சொல்லிக் கேட்டு எழுதினாலோ தவறு வர எல்லா வாய்ப்பும் உண்டு.

இரண்டு இடத்திலும் வீட்டு எண் 6 இலக்கம் என்பதால், கோடு தவறினாலும் மணி அடிக்கும். எடுப்பவர் வேறு யாரோவாக இருப்பார். "ராங் நம்பர்ங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். நாமும் கொடுத்த எண்ணே தப்பு என்று நினைத்துக்கொள்வோம்.

இதுவரை பரமத்திவேலூர் பகுதிக்குள் லேண்ட்லைனில் பேசியவர்களுக்குக் கோடே தேவைப்படவில்லை. அதனால் இந்தக் குழப்பமும் வரவில்லை. உள்ளூர் அழைப்புக்கும் கோடு கட்டாயம் என்று வந்தால், வீட்டுப் பெரியவர்கள் உட்பட எல்லாரும் தினமும் இந்த எண்ணைப் போட வேண்டியிருக்கும். எனவே இப்போதே போன் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்: வேலூர் என்றால் 68, நாமக்கல் என்றால் 86.

இன்னொன்று. நம்ம பக்கத்தில் "வேலூர்" என்றாலே பரமத்திவேலூர்தான். ஆனால் இணையத்தில் "வேலூர் எஸ்.டி.டி கோடு" என்று தேடினால் கோட்டை இருக்கும் வேலூரின் கோடான 0416 வந்து நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊர் நம்பரைத் தேடி எடுக்கும்போது இதையும் கவனிக்க வேண்டும்.

ட்ரங்க் கால் முதல் 95 வரை: இதற்கு முன் என்னென்ன மாறியது?

டயல் செய்யும் முறை மாறுவது இது முதல் தடவை இல்லை.

ஒரு காலத்தில் வெளியூருக்குப் பேச எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு, ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர் இணைப்பு கொடுத்த பிறகுதான் பேச முடியும். ஆபரேட்டர் இல்லாமல் நாமே நேராக வெளியூருக்கு டயல் செய்யும் வசதிதான் எஸ்.டி.டி. இந்தியாவில் இது 1960 நவம்பர் 25 அன்று லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. பிறகு மெல்ல மெல்ல நாடு முழுக்கப் பரவியது.

1980-களின் பிற்பகுதியிலும் 90-களிலும் மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி பூத்துகள் ஊருக்கு ஊர் வந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, சிவப்பு எண்ணில் ஓடும் ரூபாயைப் பார்த்துக்கொண்டே பேசிய தலைமுறை இன்னும் இருக்கிறது. இரவு நேரச் சலுகைக் கட்டணத்துக்காகச் சாப்பிட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றவர்களும் உண்டு. லாரியோடு வடக்கே போன டிரைவர்களும், போர்வெல் வண்டியோடு போன திருச்செங்கோட்டு ஆட்களும் ஊருக்குப் பேசியது இந்த பூத்துகளில் இருந்துதான்.

2000-களின் தொடக்கத்தில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, பி.எஸ்.என்.எல் எண்களின் முன்னால் 2 சேர்ந்தது. நம்ம பகுதி ஊர்களில் 5 இலக்கமாக இருந்த எண்கள் 6 இலக்கமாயின. தனியார் நிறுவனங்களும் லேண்ட்லைன் தர வந்ததால், எந்த எண் எந்த நிறுவனத்துடையது என்று பிரிக்க முதல் எண்ணைப் பயன்படுத்தினார்கள். பழைய கடை போர்டுகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் 5 இலக்க எண்ணைப் பார்த்தால் அது அந்தக் காலத்து எண் என்று அர்த்தம்.

இரண்டாவது, 95. பக்கத்து ஊர்களுக்குப் பேசும்போது 0-க்குப் பதில் 95 போட்டால் கட்டணம் குறைவு. நாமக்கல்லுக்கு 95-4286, சேலத்துக்கு 95-427 என்று டயல் செய்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். 2006 மார்ச் 1 அன்று பி.எஸ்.என்.எல் "ஒன் இந்தியா" திட்டத்தைக் கொண்டுவந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு 1 ரூபாய் என்றானது. தூரத்தை வைத்துக் கட்டணம் என்ற பழைய கணக்கு உடைந்தது. பிறகு 95-ம் வழக்கொழிந்தது.

ஒவ்வொரு தடவையும் முதல் சில வாரம் குழப்பம் இருந்தது. பிறகு விரல் பழகிவிட்டது.

2021-ல் வந்த 0 எதற்காக?

லேண்ட்லைனில் இருந்து செல்போனுக்கு நேராக 10 எண்களை டயல் செய்துகொண்டிருந்தோம். 2020 மே 29 அன்று டிராய் செய்த பரிந்துரையை ஏற்று, 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 போட வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. 0 போடாமல் டயல் செய்தால், 0 சேர்த்து டயல் செய்யச் சொல்லும் அறிவிப்பு கேட்கும்.

காரணம் இதுதான். நாம் ஒவ்வொரு எண்ணாக அழுத்தும்போது, முதல் எண்ணை வைத்தே எக்ஸ்சேஞ்ச் வழியைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும். 2-ல் தொடங்கினால் உள்ளூர் லேண்ட்லைன். 9, 8, 7, 6-ல் தொடங்கும் 10 இலக்கம் என்றால் செல்போன். இப்படியிருக்கும்போது புதிதாக 2-லோ 3-லோ தொடங்கும் செல்போன் எண்களைக் கொடுத்தால், டயல் செய்வது உள்ளூர் வீட்டையா, செல்போனையா என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது.

முன்னால் ஒரு 0 வந்துவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை. ஊர்ப் பாதையில் "வெளியூர் செல்லும் வழி" என்று வைக்கும் பலகை மாதிரிதான் அந்த 0. அதைப் பார்த்ததும் இது உள்ளூர் அழைப்பு இல்லை என்று எக்ஸ்சேஞ்ச் புரிந்துகொள்ளும். இந்த ஒரு மாற்றத்தால் 254.4 கோடி புதிய எண்களுக்கு இடம் கிடைக்கும் என்று அப்போது கணக்கிடப்பட்டது.

அப்போதே "செல்போன் எண் 11 இலக்கம் ஆகிறது" என்று வதந்தி கிளம்பியது. அப்படி எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை என்று டிராய் விளக்கம் கொடுத்தது. செல்போன் எண் அன்றும் 10, இன்றும் 10.

2025 பரிந்துரை என்ன சொல்கிறது?

இப்போதைய எண் திட்டம் 2003-ல் போடப்பட்டது. 75 கோடி இணைப்புகள் வரை போதும், 2030 வரை தாங்கும் என்ற கணக்கில் வடிவமைத்தார்கள். ஆனால் செல்போன் வேகம் அந்தக் கணக்கைப் பல வருஷம் முன்பே தாண்டிவிட்டது. இன்று நாட்டில் 115 கோடிக்கும் மேல் இணைப்புகள் இருக்கின்றன. அதில் லேண்ட்லைன் மிகச் சிறிய பங்குதான்.

லேண்ட்லைனில் பிரச்சினை வேறு மாதிரி. எண்கள் தாலுகா தாலுகாவாகப் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பகுதியில் எண்கள் தீர்ந்து பற்றாக்குறை. இன்னொரு பகுதியில் ஒதுக்கிய எண்களில் பெரும்பகுதி பயன்படாமல் சும்மா கிடக்கிறது. இங்கே மிச்சமுள்ளதை அங்கே எடுத்துக் கொடுக்க முடியாது, ஏனென்றால் கோடு வேறு.

அதனால் டிராய் சொல்லும் வழி: தாலுகா அளவிலான எண் முறையை விட்டுவிட்டு, மாநில அளவிலான 10 இலக்க முறைக்கு மாறலாம். தொலைத்தொடர்பில் நாடு 22 சேவைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நம்முடையது தமிழ்நாடு சேவைப் பகுதி. அப்படி மாறினால் பூட்டிக் கிடக்கும் எண்களை மாநிலம் முழுவதும் பயன்படுத்தலாம்.

அதற்கு முதல் படியாகத்தான், லேண்ட்லைனில் இருந்து எந்த லேண்ட்லைனுக்குப் பேசினாலும், உள்ளூராக இருந்தாலும், 0 + எஸ்.டி.டி கோடு + வீட்டு எண் என்று டயல் செய்யச் சொல்கிறது. எண்களைக் குறைத்து டயல் செய்வது நின்றால்தான் கோடுகளுக்கு இடையே உள்ள எல்லையை அழிக்க முடியும். இதற்காக நெட்வொர்க்கில் மாற்றம் செய்ய நிறுவனங்களுக்கு 6 மாதம் அவகாசம் தரலாம் என்றும் பரிந்துரையில் உள்ளது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பரிந்துரை வேறு, உத்தரவு வேறு. 2020 மே மாதம் பரிந்துரைத்தது 2021 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தொலைத்தொடர்புத் துறை ஏற்று, தேதி குறித்து, உங்கள் சேவை நிறுவனம் தெரிவித்தால்தான் கட்டாயம்.

யாருக்கு, எப்படி டயல் செய்ய வேண்டும்?

ஜேடர்பாளையத்தை வைத்தே பார்க்கலாம்.

• லேண்ட்லைனில் இருந்து பரமத்திவேலூர், கபிலர்மலை லேண்ட்லைனுக்கு: பழைய முறையில் 6 இலக்க எண் மட்டும். பரிந்துரை நடைமுறைக்கு வந்தால் 0 + 4268 + 6 இலக்க எண்.
• லேண்ட்லைனில் இருந்து நாமக்கல் லேண்ட்லைனுக்கு: 0 + 4286 + 6 இலக்க எண். ஏற்கெனவே இப்படித்தான், மாற்றம் இல்லை.
• லேண்ட்லைனில் இருந்து சேலம் லேண்ட்லைனுக்கு: 0 + 427 + 7 இலக்க எண். மாற்றம் இல்லை.
• லேண்ட்லைனில் இருந்து எந்தச் செல்போனுக்கும்: 0 + 10 இலக்க எண். 2021 முதல் உள்ளது.
• செல்போனில் இருந்து ஜேடர்பாளையம் லேண்ட்லைனுக்கு: 0 + 4268 + 6 இலக்க எண். மாற்றம் இல்லை.
• செல்போனில் இருந்து செல்போனுக்கு: 10 இலக்க எண். மாற்றம் இல்லை.
• சிங்கப்பூர், துபாய் போன்ற வெளிநாட்டில் இருந்து ஊர் லேண்ட்லைனுக்கு: +91 + 4268 + 6 இலக்க எண். இங்கே 0 வரக் கூடாது.

மொத்தப் பட்டியலிலும் மாறுவது முதல் வரி மட்டும்தான்.

வெள்ள நேரத்தில் கோடு ஏன் முக்கியம்?

"இப்ப யாருங்க லேண்ட்லைன் வச்சிருக்கா?" என்று கேட்கலாம். வீடுகளில் குறைந்துவிட்டது உண்மை. ஆனால் காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆபீஸ், பள்ளி, வங்கிக் கிளை, கூட்டுறவுச் சங்கம், கோயில் அலுவலகம் என்று பொது இடங்களின் தொடர்பு எண்ணாக இன்னும் லேண்ட்லைன்தான் அதிகம். அவசரத்தில் நாம் தேடுவதும் இந்த எண்களைத்தான்.

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கும்போது, காவிரிக் கரையில் இருக்கும் ஊர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படும். 2018, 2022, 2024-ல் அதைப் பார்த்தோம். அந்த நேரத்தில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண். மாநில அளவில் 1070.

இதில் 1077 ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பொதுவான எண். அதனால் வேறு மாவட்டத்தில் இருந்து அழைத்தால், எந்த மாவட்டம் என்று காட்ட மாவட்டத் தலைநகரின் கோடு தேவை. திருப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர், ஜேடர்பாளையத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்காக நாமக்கல் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட வேண்டும் என்றால், முன்னால் 04286 சேர்க்க வேண்டும். ஊர்க் கோடு 04268 ஆயிற்றே என்று அதைப் போட்டால் சரிப்படாது. கட்டுப்பாட்டு அறை இருப்பது மாவட்டத் தலைநகரில். 86-க்கும் 68-க்கும் உள்ள வித்தியாசம் அந்த நேரத்தில் சின்ன விஷயமாக இருக்காது.

மற்ற அவசர எண்கள் எதுவும் மாறவில்லை. ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112, தீயணைப்பு 101, குழந்தைகள் உதவிக்கு 1098. இவற்றுக்கு முன் 0-வும் வேண்டாம், கோடும் வேண்டாம்.

இப்போதே செய்து வைக்க வேண்டியவை

1. செல்போனில் உள்ள லேண்ட்லைன் எண்களைப் பாருங்கள். வெறும் 6 இலக்கமாகச் சேமித்திருந்தால் +91 4268 என்று முன்னால் சேர்த்துச் சேமியுங்கள். உள்ளூரோ, வெளியூரோ, வெளிநாடோ, எங்கிருந்து அழைத்தாலும் வேலை செய்யும்.

2. கடை போர்டு, பில் புக், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றில் கோடு சேர்த்து முழு எண்ணையும் அச்சிடுங்கள். பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்கும் பரமத்திவேலூர் வாழை, வெற்றிலை வியாபாரத்துக்கும் வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். 6 இலக்க எண் மட்டும் உள்ள போர்டு அவர்களுக்கு உதவாது.

3. லேண்ட்லைனில் ஸ்பீடு டயல் வைத்திருந்தால் மாற்றி அமையுங்கள். பெரியவர்கள் ஒரே பட்டனை அழுத்தி மகனையோ மகளையோ கூப்பிடும் வசதி இது. அதில் 0 இல்லாத பழைய எண் இருந்தால் அவசரத்தில் கால் போகாது. ஒரு தடவை அழுத்திப் பார்த்துச் சோதித்துவிடுங்கள்.

4. 0 லாக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பில் ஏறாமல் இருக்க, சில வீடுகளிலும் கடைகளிலும் எஸ்.டி.டி வசதியைப் பூட்டி வைத்திருப்பார்கள். உள்ளூருக்கும் 0 கட்டாயம் என்று வந்தால், பூட்டிய போனில் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் பேச முடியாமல் போகலாம். நிறுவனத்திடம் சொல்லி எடுத்துவிடலாம்.

5. ஆஸ்பத்திரி, பள்ளி, மில் போன்ற இடங்களில் இன்டர்காம் இருக்கும். வெளி லைன் எடுக்கவே முதலில் 0 அல்லது 9 அழுத்த வேண்டும். அங்கே வெளி லைனுக்கு ஒரு 0, டயலிங்குக்கு இன்னொரு 0 என்று இரண்டு தடவை வரும். ஊழியர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். லிப்ட் அவசர போன், பேக்ஸ், அலாரம் போன்றவற்றில் பதிந்துள்ள எண்களையும் சரிபார்க்க வேண்டும்.

6. பைபர் இணைப்போடு லேண்ட்லைன் வாங்கியவர்கள் கரண்ட்டையும் கவனிக்கணும். பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் இருந்தே மின்சாரம் வரும். கரண்ட் போனாலும் பேசலாம். பைபரில் வீட்டு மோடத்துக்குக் கரண்ட் இருந்தால்தான் போன் வேலை செய்யும். மழைக் காலத்துக்குச் சின்ன யு.பி.எஸ் ஒன்று இருந்தால் நல்லது.

மோசடி அழைப்பு: இங்கேதான் உஷார் தேவை

எண் மாற்றம் என்ற பேச்சு வந்தாலே அதை வைத்து ஏமாற்றும் கும்பலும் வந்துவிடும். "டிராயில் இருந்து பேசுறோம், உங்க நம்பர் இரண்டு மணி நேரத்தில் கட் ஆகப்போகுது, 9-ஐ அழுத்துங்க" என்று வரும் அழைப்பு மோசடி. டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ தனிப்பட்ட வாடிக்கையாளரைக் கூப்பிட்டு இணைப்பைத் துண்டிப்பதாகச் சொல்வதில்லை.

இன்னொரு வகை இன்னும் ஆபத்து. "புது டயலிங் முறைக்கு மாற *401# போட்டு இந்த எண்ணை டயல் பண்ணுங்க" என்பார்கள். அது கால் ஃபார்வேர்டிங் கட்டளை. அழுத்திவிட்டால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குப் போகும். போனில் குரலாக வரும் ஓ.டி.பி-யும் அவர்கள் கைக்குப் போய்விடும். தெரியாமல் செய்துவிட்டால் உடனே ##002# டயல் செய்து எல்லா ஃபார்வேர்டிங்கையும் ரத்து செய்யலாம். செட்டிங்ஸிலும் போய்ப் பாருங்கள்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் போகவில்லை, சந்தேக அழைப்பு மட்டும் வந்தது என்றால் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் பதியலாம். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்களின் சேவை அழைப்புக்கு 1600-ல் தொடங்கும் எண்களும், விளம்பர அழைப்புக்கு 140-ல் தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரண 10 இலக்கச் செல்போனில் இருந்து "பேங்க் மேனேஜர் பேசுறேன்" என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

இந்த மாற்றம் நமக்கு மட்டும் வந்தது இல்லை. அமெரிக்காவில் பல ஊர்களில் உள்ளூருக்கு 7 எண் டயல் செய்தால் போதும் என்று இருந்தது. தற்கொலை தடுப்பு உதவி எண்ணாக 988 அறிவிக்கப்பட்டபோது, 988-ல் தொடங்கும் உள்ளூர் எண்களோடு அது மோதியது. அதனால் 2021 அக்டோபர் 24 முதல் 82 ஏரியா கோடுகளில் உள்ளூருக்கும் 10 எண் டயலிங் கட்டாயம் ஆனது. நமக்குச் சொல்லும் பரிந்துரையும் ஏறக்குறைய இதே வழிதான்.

பிரிட்டனில் 1995 ஏப்ரல் 16 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் ஏரியா கோடுகளில் 0-க்கு அடுத்து 1 சேர்த்தார்கள். சிங்கப்பூரில் ஏரியா கோடே கிடையாது. தீவு முழுவதும் 8 இலக்க எண்தான்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

0 போட்டால் எஸ்.டி.டி சார்ஜ் ஆகுமா?
0 என்பது அழைப்புக்கு வழி காட்டும் எண். கட்டணத்தை முடிவு செய்வது உங்கள் பிளான். இப்போதைய லேண்ட்லைன், பைபர் பிளான்களில் பெரும்பாலானவை அளவில்லா அழைப்பு தருகின்றன. பழைய பிளானில் இருப்பவர்கள் மட்டும் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு சிம் வைத்திருந்தால் பணம் கட்டணுமா?
இல்லை. 2024 ஜூனில் பரவிய இந்தத் தகவல் பொய் என்று டிராய் அப்போதே மறுத்தது.

உத்தரவு வரும் முன்பே 11 எண் போட்டுப் பழகலாமா?
0 + கோடு சேர்த்து டயல் செய்து பாருங்கள். உங்கள் லைனில் போனால் அப்படியே பழகிக்கொள்ளலாம். போகவில்லை என்றால் உள்ளூருக்கு 6 எண்ணே போதும்.

நம்பரைப் புதுப்பிக்க எங்கேயாவது போகணுமா?
எங்கேயும் போக வேண்டாம். யாரிடமும் ஆதாரோ ஓ.டி.பி-யோ கொடுக்க வேண்டாம். மாற்றம் முழுவதும் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் நடக்கும். நம் வேலை முழு எண்ணையும் சரியாக எழுதி வைப்பது மட்டும்தான்.

வீட்டில் லேண்ட்லைன் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். போன் பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள். பிள்ளைகளின் எண்கள் முன்னால் 0 சேர்த்து, உள்ளூர் எண்கள் 04268 சேர்த்து, நாமக்கல் எண்கள் 04286 சேர்த்து, கீழே 108, 112. எழுத்து பெரிதாக இருக்கட்டும். கண்ணாடி இல்லாமல் பெரியவர்களால் படிக்க முடிகிறதா என்று அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள்.